கழுவாத கத்தி

செய்தித்தாள் பொட்டலத்தை அவர் பிரித்ததும், என் மேசையில் கிடந்த பரீட்சைத்தாள்கள் மேல் ஈர மண் கொட்டியது. ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பையன் எழுதியிருந்த மூன்று பக்கங்கள் சேறாயின. நான் அவற்றுக்குப் போடவிருந்த மதிப்பெண்ணும் ஏறக்குறைய அந்தத் தரத்தில்தான் இருந்தது.

வெளியே சாரல். சோதனைக்கூடத்தின் ஃபார்மலின் நெடியோடு நனைந்த நூல்சேலை வாடையும் சேர்ந்துகொண்டது.

பொட்டலத்தில் இருந்தது ஒரு ரோஜாச் செடி. தண்டும் வேரும் சேருகிற கழுத்தில், எலுமிச்சம்பழப் பருமனில் ஒரு கழலை. சொரசொரப்பாக, பழுப்பு நிறத்தில், அழுகத் தொடங்கிய காலிஃப்ளவர் மாதிரி.

"பாத்துச் சொல்லுங்க சார்," என்றார் இசக்கியம்மாள். "இது என் கை பண்ணுன வேலையா?"

"கையா? யார் சொன்னா?"

"மொதல்ல நர்சரி அண்ணாச்சி சொன்னாக. இப்ப ரோடு பூராச் சொல்லுதாக. கத்தியத் தொடாதேன்னுட்டாக. மத்த நர்சரியில போயிக் கேட்டா, அவுகளும் சேக்க மாட்டேங்காக."

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதற்கு நான்கு கடிதங்கள் வந்தன. நான்கும் என் மனைவிக்கு அனுதாபம் தெரிவித்தவை. அவள் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். இந்த வாரமும் அதேபோலச் சிரிக்க எதிர்பார்ப்பவர்கள் நேராக ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடலாம். சிரிப்புக்காரன் கோபப்பட்டால் ஆசிரியர் இடத்தைக் குறைத்துவிடுவார் என்பார்கள். குறைக்கட்டும்.

தண்ணீர் காணாத ராசி

எண்பதுகளின் தொடக்கம். நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தற்காலிகம். மருத்துவம் கிடைக்கவில்லை, பொறியியல் கிடைக்கவில்லை, வேதியியலில் இடமில்லை; கடைசியில் என்னை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே உயிரினம் தாவரம்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் அப்போது வரிசையாக நர்சரிகள். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தலையோடு, போகிற வழியில் ஆளுக்கொரு ரோஜாத் தொட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பெரும்பாலான செடிகள் மதுரை தாண்டும்போதே தலை தொங்கிவிடும். அது வேறு விஷயம்.

ரோஜாவை அப்படியே நட்டு விற்பதில்லை. முதலில் உரமான காட்டு ரோஜாவை வளர்ப்பார்கள். அதன் பட்டையைக் கத்தியால் கீறி, நல்ல பூ பூக்கிற செடியிலிருந்து ஒரு மொட்டைச் சீவி எடுத்து, அந்தக் கீறலுக்குள் செருகி, நாரால் கட்டுவார்கள். அதற்குத்தான் ஒட்டுக் கட்டுவது என்று பெயர். காயம் ஆறினால் இரண்டும் ஒரே செடி.

அந்தச் சாலையில் இசக்கியம்மாளைப் போல ஒட்டுக் கட்டுகிறவர் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரை விரட்டிய அண்ணாச்சியே அதற்கு முந்தைய வருஷம் வரை வாடிக்கைக்காரர்களிடம் சொன்னது. வகுப்புக்கு மாதிரிச் செடி வாங்கப் போகும்போது நான் நின்று பார்த்திருக்கிறேன். கீறுவது, செருகுவது, கட்டுவது எல்லாம் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தத் தையில் அவருடைய கணவர் செங்கோட்டைப் பக்கம் மரத்தடி ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இறந்துபோனார். சித்திரையில் நர்சரியில் கழலை தோன்றியது. குற்றாலத்து விடுதி ஒன்று, வாங்கிய செடிகளை மொத்தமாகத் திருப்பி அனுப்பியது. அண்ணாச்சி இந்த இரண்டையும் சேர்த்து ஒட்டுக் கட்டிவிட்டார். தாலி இறங்கிய கை, அதனால் கழலை.

இப்போது கத்தி. அண்ணாச்சியின் தகப்பனார் ஊட்டியிலிருந்து கொண்டுவந்தது. கொம்புப் பிடி. ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமத்தோடு முதல் வரிசையில் உட்காரும். நர்சரியில் எத்தனை பேர் ஒட்டுக் கட்டினாலும் ஒவ்வொரு செடியிலும் முதல் கீறல் அந்தக் கத்தியால்தான் போடவேண்டும். கைமாறிக் கைமாறிப் போகும். அதைத் தண்ணீரில் கழுவக்கூடாது. கழுவினால் ராசி இறங்கிவிடும். இடுப்புத் துண்டால் ஒரு துடைப்பு, அடுத்த செடி. அதே துடைப்பு, அதற்கடுத்த செடி.

முப்பது வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காத ஒரு கத்தியின் மேல் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தினம் இரண்டு வேளை கழுவுகிற ஒரு பெண்ணின் கையின் மேல் வந்தது.

மண்ணில் ஒரு பதிவாளர்

அந்தக் கழலையை நான் புத்தகத்தில் பார்த்திருந்தேன். பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நண்பன் ஒருவன், எனக்குப் பாதிக்கு மேல் புரியாத ஆங்கிலக் கட்டுரைகளைப் படியெடுத்து அனுப்புவான். எனக்குப் புரிகிறது என்று அவனிடம் நான் சொல்லி வைத்திருந்ததால் வந்த வினை. இந்தக் கழலை பற்றிய கட்டுரை மட்டும் என்னை உட்கார வைத்துவிட்டது.

மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. அக்ரோபாக்டீரியம். செடியில் காயம் பட்ட இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். நோய் கண்ட ஒரே ஒரு செடி வெளியிலிருந்து வந்தால் போதும், அதைக் கீறிய கத்தியே அடுத்த செடிக்குச் சுமந்துபோகும். மற்றக் கிருமிகள் போலத் தின்றுவிட்டுப் போகிற ஜாதி இல்லை. தன் வழக்கமான டி.என்.ஏ. போக, வளையல் மாதிரி தனியாக ஒரு டி.என்.ஏ. அதனிடம் உண்டு. அந்த வளையலிலிருந்து ஒரு துண்டைப் படியெடுத்துச் செடியின் செல்லுக்குள் அனுப்புகிறது. துண்டு போய் செடியின் சொந்த டி.என்.ஏ.யோடு சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு செடிக்குத் தன் எழுத்து எது, வந்த எழுத்து எது என்று தெரியாது. 'பெருகு, பெருகு' என்று அதில் எழுதியிருக்கிறது, செடி பெருகுகிறது. 'எனக்கு மட்டும் செரிக்கிற சாப்பாடு சமை' என்றும் எழுதியிருக்கிறது; செடி சமைத்துப் போடுகிறது.

இன்றைக்கு மரபணு மாற்றிய பயிர் என்று இதே பத்திரிகையில் ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்களே, அதற்கு வழி காட்டியது இந்தப் பாக்டீரியாதான். கெட்ட துண்டை எடுத்துவிட்டு, வேண்டிய துண்டை அதன் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். அது எதையும் படித்துப் பார்ப்பதில்லை. கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதை அன்று இசக்கியம்மாளிடம் சொன்னேன். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். என் மாணவர்கள் ஒருநாளும் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார்.

"அப்ப அந்தப் பூச்சியக் கொன்னுட்டா கழலை வத்திருமா சார்?"

"வத்தாது. அது எழுதிட்டுப் போயிட்டா, அப்புறம் பூச்சியே இல்லேன்னாலும் செடியே கழலையை வளர்க்கும்."

"அந்தச் செடிய என்ன செய்யணும்?"

"பிடுங்கி எரிச்சிரணும்."

கழலை மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். "செடி ஒரு தப்பும் பண்ணலையே சார்," என்றார்.

நான் படத்தில் ஒரு அம்புக்குறியைச் சரி பண்ணினேன்.

துறைத்தலைவர் திருவாய் மலர்ந்தது

கல்லூரித் தாளில், முத்திரையோடு, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அண்ணாச்சி கேட்பார் என்று நினைத்தேன். துறைத்தலைவரிடம் போனேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னவே சொல்லுதீரு? பாக்டீரியா போயி செடிக்குள்ள பத்திரம் எழுதுதா? அது என்ன சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸா?"

"கட்டுரை வந்திருக்கு சார். கொண்டுவந்திருக்கேன்."

"கட்டுரை ஆயிரம் வரும்வே. பாடத்திட்டத்துல வரட்டும், நம்புவோம். அதுவரைக்கும் பாக்டீரியா சும்மா இருக்கட்டும்."

"ஒரு பொம்பளைக்கு வேலை போயிருக்கு சார்."

"உமக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை, ஞாபகம் இருக்கா? நர்சரிக்காரருக்குத் தாய்மாமன் நம்ம காலேஜு கமிட்டியில இருக்காரு." பாக்கைக் கடித்தார். "அந்தப் பொம்பளையப் பூ கட்டி விக்கச் சொல்லும்."

தாலி அறுத்தவரைப் பூ விற்கச் சொல்லுகிற அளவுக்கு அவருக்கு முற்போக்கு இருந்தது என்று நான் வெளியே வந்து ஒரு நகைச்சுவை செய்தேன். அலுவலக உதவியாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே திரும்பிப் போய்ச் சொல்லவேண்டியதை வெளியே நின்று நகைச்சுவையாக்குவது என் பிழைப்பாகப் போனது அன்றிலிருந்துதான்.

நாலு பாத்தி

அண்ணாச்சியிடம் நேராகப் போனேன். சோதனை செய்து பார்ப்போம் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். இசக்கியம்மாள் கைதான் காரணம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டால் நல்லதுதானே என்று அவர் கணக்கு.

"விக்கிற செடி இல்லல்லா சார்? அப்பம்னா அவ தொடட்டும்," என்றார்.

என் திட்டம் எளிமையானது. ஆய்க்குடியில் ஒரு வயல் ஓரத்திலிருந்து புது மண். வேறு ஊரிலிருந்து வேர்விட்ட காட்டு ரோஜாப் போத்துகள். ஒரு பாத்தியில் அண்ணாச்சி தம் கத்தியால் கட்டுவது. இன்னொரு பாத்தியில் இசக்கியம்மாள், ஒவ்வொரு செடிக்கும் கொதிநீரில் முக்கிய புதுக் கத்தியால் கட்டுவது.

இசக்கியம்மாள் குறுக்கிட்டார். "அது எப்படி சார் சரியா வரும்?"

"ஏன்?"

"என் பாத்தி நல்லா வந்தா, கத்தியாலயா கையாலயான்னு எப்படித் தெரியும்? அண்ணாச்சி கத்தியில நானும் ஒரு பாத்தி கட்டுதேன். வேகவெச்ச கத்தியில அவுகளும் ஒரு பாத்தி கட்டட்டும். நாலு பாத்தி போடுங்க."

எம்.எஸ்ஸி.யில் 'சோதனை வடிவமைப்பு' என்று ஒரு தாள். அதில் நான் முதல் வகுப்பு. மண்ணைக் கால் கட்டைவிரலால் கிளறிக்கொண்டு நின்றேன். "நாலு பாத்திதான் போடணும்," என்றேன், ஏதோ நானே சொல்ல வந்ததுபோல.

அண்ணாச்சிக்கு வெந்நீர் வேலை கௌரவக் குறைச்சலாக இருந்தது. "சாயாக் கடை போட்ட மாதிரிலா இருக்கு," என்று முனகினார். இசக்கியம்மாள் நிமிராமலே, "கை சுடுதோ அண்ணாச்சி? ராசியான கைலா, பாத்து," என்றார். நாரைத் திரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அதோடு கல்லூரியில் நான் யாருக்கும் தெரியாமல், இலையைப் புத்தகத்தில் வைத்தால் குட்டி போடுமே, அந்த ரணகள்ளியில் கழலைச் சாற்றை ஊசியால் குத்திவைத்தேன். மூன்று வாரத்தில் குத்திய இடமெல்லாம் பட்டாணி பட்டாணியாகப் புடைத்தது. வெறும் ஊசி குத்திய இலைகளில் தழும்பு மட்டும். அந்தத் தொட்டிகளை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப்போடுகிற மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். துறைத்தலைவர் தினமும் அவற்றின் மேல் காலை நீட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாரல் ஓய்ந்து, புரட்டாசி வெயில் காய்ந்தபோது பாத்திகளைத் தோண்டினோம். ராசிக் கத்தியின் இரண்டு பாத்திகளிலும் கழலை. அண்ணாச்சி கட்டியதிலும், இசக்கியம்மாள் கட்டியதிலும். வேகவைத்த கத்தியின் இரண்டு பாத்திகளும் சுத்தம். அண்ணாச்சி கட்டியவற்றில் நாலைந்து ஒட்டுப் பிடிக்கவில்லை. இசக்கியம்மாள் கட்டியவை அத்தனையும் துளிர்த்திருந்தன.

இசக்கியம்மாள் வாளித் தண்ணீரில் மண் போகக் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஏவாரம் வேற

நான் அன்றே ஒரு முழுத்தாளில் எழுதினேன். மேல் பாதியில், கழலை மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியாவால் வருவது, கழுவாத கத்தியால் பரவுவது, கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கொதிநீரில் முக்கினால் தடுக்கலாம். கீழ்ப் பாதியில், இசக்கியம்மாளின் கையில் ஒரு குறையும் இல்லை, அவர் கட்டிய ஒட்டுகளே சிறந்தவை. பெயர், பட்டம், கையெழுத்து. அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் போனபோது நர்சரி மாறியிருந்தது. அடுப்பில் ஒரு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். ராசிக் கத்தி கயிற்றில் கட்டி உள்ளே இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தது வேறு யாரோ. இசக்கியம்மாள் இல்லை.

கல்லாவுக்கு மேலே, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் என் எழுத்து. மேல் பாதி மட்டும். கீழ்ப் பாதியை மடித்துச் சட்டத்துக்குள்ளேயே பின்னால் தள்ளியிருந்தார்கள். வாங்க வந்த ஒரு குடும்பம் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது.

"இசக்கியம்மா எங்கே அண்ணாச்சி?"

"அவளா? பீடி சுத்துதா போல." டீ வரவழைத்தார். "சார், கத்தி மேல குத்தம்னீக, ஒத்துக்கிட்டேன். வேகவெச்சாச்சு. ஒரு செடி திரும்பி வரலை. நீங்க நல்லா இருக்கணும்."

"அவங்க கையில குத்தமில்லேன்னும் சொன்னேனே. நாலு பாத்தியும் பாத்தீங்களே!"

"பாத்தேன். சோதனை வேற சார், ஏவாரம் வேற. செடி வாங்குதவன் வீட்டுல நல்லது நடக்கணும்னுலா வாங்குதான். தாலியறுத்தவ கட்டுனதுன்னு தெரிஞ்சா வாங்குவானா? நீங்களே சொல்லுங்க."

கமிட்டியில் இருந்த தாய்மாமன் அந்த நேரத்தில் கடைக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வேலை நிரந்தரமாயிரும் தம்பி, கவலைப்படாதீக," என்றார்.

நான் டீயைக் குடித்தேன். அண்ணாச்சி ஒரு ரோஜாத் தொட்டியைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, சாயாமல் பார்த்துக்கொண்டு வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

துறைத்தலைவர் மேல் எனக்கு வந்த கோபம் ஆறிவிட்டது; அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அண்ணாச்சி மேல் வந்தது பாதி ஆறிவிட்டது. எல்லாம் தெரிந்த ஒருவன் அந்த டீயைக் குடித்தானே, அவன் மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

யாருக்கு எழுதுனீக?

அடுத்த வருஷம், தென்காசி பஸ் நிலையம். சிவகிரி வழியாகப் போகிற பஸ் பக்கம் இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் துணிப்பை. விரல் நுனிகளில் புகையிலைக் கறை.

"எப்படி இருக்கீங்க?" என்றேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"பீடி சுத்துதேன் சார். பீடிக்குத் தாலி பாக்க மாட்டாக." சிரிக்காமல்தான் சொன்னார். "சிவகிரிப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டக்காரரு புதுசா நர்சரி போடுதாராம். ஒட்டுக் கட்ட ஆள் தேடுதாக. போயிப் பாக்கப் போறேன். அங்கன நம்மளத் தெரிஞ்சவுக யாரும் கெடையாது."

"நான் எழுதினதை அண்ணாச்சி மடிச்சு..."

"தெரியும் சார். போயிப் பாத்தேன்." பையைக் கை மாற்றினார். "அதை யாருக்கு எழுதுனீக?"

"அண்ணாச்சிக்கு."

"அதான். எனக்கு ஒண்ணு எழுதித் தந்திருக்கலாம்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கையைப் பற்றித்தான் வழக்கு, ஆனால் தீர்ப்பின் பிரதியைக் கைக்குச் சொந்தக்காரிக்குக் கொடுக்கவேண்டும் என்று முதல் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை.

"இப்பவே எழுதித் தரேன்," என்றேன். பையில் ஒரே ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்து எழுதினேன். எழுதி முடித்ததும், "படிங்க சார்," என்றார்.

படித்தேன். "இதைக் கொண்டுவரும் இசக்கியம்மாள் கணவரை இழந்தவராயினும், ஒட்டுக் கட்டுவதில் இவருக்கு இணையானவர் இந்த வட்டாரத்தில்..."

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன்.

"புருசன் செத்தது இந்தத் தாள்ல எதுக்கு வருது? அதுக்கும் ஒட்டுக்கும் சம்பந்தமில்லேன்னு நீங்கதானே நாலு பாத்தி போட்டுக் காமிச்சீக?"

உடனே அந்தச் சொற்களை அடித்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை கோடு போட்டு அடித்தேன். தாளை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடிச்சிருக்கது தெரியுதே. படிக்கிறவுக மொதல்ல இதைத்தான் உத்துப் பாப்பாக. வேற தாள்ல எழுதுங்க."

"வேற தாள் இல்லை. ஒரு நிமிஷம் இருங்க, கடையில..."

நடத்துநர் விசில் கொடுத்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார். இசக்கியம்மாள் படியில் ஏறி, தாளை என் கையில் திருப்பித் தந்தார்.

"இது வேண்டாம் சார். நான் வெறுங்கையோட போயிக் கட்டிக் காமிச்சுக்கிடுதேன்."

பெட்டிக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தாளை எண்ணிக் கொடுப்பதற்குள் பஸ் வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பிவிட்டது. தபாலில் அனுப்பலாம் என்று அந்தப் பெட்டிக்கடைப் பலகையிலேயே வைத்து, அடித்தல் இல்லாமல், புதுத் தாளில் முழுவதையும் எழுதி முடித்தேன். உறையும் வாங்கினேன். முகவரி எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் வீடு எந்தத் தெரு என்றோ, அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன என்றோகூட நான் கேட்டிருக்கவில்லை.